பறவைகளின் குரலைக் காத்த பெண்மணி ரேச்சல் கார்சன்

விடியற்காலையில் சேவல் கூவுகிறது. காகம் கரைகிறது. மரக்கிளையில் குயில் கூவுகிறது. இவையெல்லாம் நமக்குப் பழகிப்போன ஒலிகள். பழகிப்போன காரணத்தால் நாம் அவற்றைக் காது கொடுத்துக் கேட்பதில்லை. இந்த ஒலிகளில் ஒன்றுகூட இல்லாமல் ஒரு நாள் பொழுது விடிந்தால் எப்படி இருக்கும்? இந்தக் கேள்வியை உலகத்தின் முன் வைத்தவர் ஒரு பெண்மணி. அவர் அரசியல் தலைவர் அல்லர். பெரும் செல்வர் வீட்டில் பிறந்தவரும் அல்லர். அதிகாலை வேளைகளில் சதுப்பு நிலங்களிலும் கடற்கரைகளிலும் ஓசைப்படாமல் நின்று பறவைகளைப் பார்த்தவர். பார்த்ததை உள்ளபடி எழுதியவர். அவரே அமெரிக்க நாட்டின் ரேச்சல் கார்சன் அம்மையார்.

பிறப்பும் இளமையும்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், அலெகெனி ஆற்றங்கரையில், ஸ்பிரிங்டேல் என்னும் சிற்றூர் இருக்கிறது. அங்கே 1907 மே 27-ஆம் நாள் ராபர்ட் கார்சன், மரியா தம்பதியருக்கு மூன்றாவது குழந்தையாக ரேச்சல் பிறந்தார். விவிலியத்தில் நாம் படிக்கும் ராக்கேல் என்னும் பெயரின் ஆங்கில உருவமே ரேச்சல் என்பது.

தந்தைக்கு வருமானம் குறைவு. ஆனால் வீட்டைச் சுற்றித் தோட்டமும் வயலும் காடும் இருந்தன. தாயார் மரியா திருமணத்துக்கு முன் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். அவர் தம் இளைய மகளைக் கைபிடித்து அழைத்துக்கொண்டு போய்ப் பறவைகளின் பெயர்களையும் பூச்சிகளின் பழக்கங்களையும் சொல்லிக் கொடுத்தார். வீட்டுக்குள் பூச்சி வந்துவிட்டால்கூட அதை அடித்துக் கொல்லாமல் எடுத்துச் சென்று வெளியே விடுவது அந்தத் தாயின் வழக்கம். எல்லா உயிரும் இறைவன் படைத்ததே என்னும் பாடம் ரேச்சலுக்குப் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே வீட்டில் கிடைத்துவிட்டது.

ரேச்சலுக்கு எழுத்திலும் மிகுந்த ஆர்வம். அந்நாளில் சிறுவர்களின் படைப்புகளை வெளியிட்டு வந்த 'செயின்ட் நிக்கோலஸ்' என்னும் இதழில் அவரது முதல் கதை 1918-இல் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது பதினொன்று. அதே இதழில் 1922-இல் தமக்கு மிகவும் பிடித்த பொழுதுபோக்கைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். மே மாதத்துக் காலைப் பொழுதில் தம் நாயைத் துணையாகக் கூட்டிக்கொண்டு, உணவுப் பெட்டி, தண்ணீர்க் குடுவை, குறிப்பேடு, புகைப்படக் கருவி ஆகியவற்றுடன் மலைக்காட்டுக்குள் சென்று பறவைகளையும் அவற்றின் கூடுகளையும் தேடிப் பார்த்த அனுபவமே அக்கட்டுரை. அதை எழுதியபோது அவருக்கு வயது பதினைந்துதான். தோழியரே, பத்தாம் வகுப்பில் படிக்கும் நம் வயது!

கல்வி

1925-இல் பிட்ஸ்பர்க் நகரிலிருந்த பென்சில்வேனியா மகளிர் கல்லூரியில் சேர்ந்தார். கல்லூரிக் கட்டணம் செலுத்தப் பெற்றோர் மிகவும் சிரமப்பட்டனர். தாயார் பியானோ வகுப்பு நடத்தினார். வீட்டிலிருந்த பீங்கான் சாமான்களைக்கூட விற்றார். எழுத்தாளராக வேண்டும் என்று ஆங்கில இலக்கியம் படிக்கத் தொடங்கிய ரேச்சல், மேரி ஸ்கிங்கர் என்னும் பேராசிரியையின் உயிரியல் வகுப்பில் மனத்தைப் பறிகொடுத்தார். இலக்கியத்தை விட்டு உயிரியலுக்கு மாறினார். பெண்கள் அறிவியல் படித்து என்ன வேலைக்குப் போக முடியும் என்று பலர் கேட்ட காலம் அது. ஆயினும் அவர் தம் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை. ஒரு நல்ல ஆசிரியை ஒரு மாணவியின் வாழ்க்கையையே எப்படித் திருப்பிவிட முடியும் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

1929-இல் உயர்ந்த தகுதியுடன் பட்டம் பெற்றார். அந்தக் கோடையில் வுட்ஸ் ஹோல் கடல் ஆய்வுக்கூடத்துக்குச் சென்றபோதுதான் வாழ்நாளில் முதன்முறையாகக் கடலைக் கண்டார். பின்னர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பயின்று 1932-இல் முதுகலைப் பட்டம் பெற்றார். மேற்கொண்டு ஆராய்ச்சி செய்ய ஆசை இருந்தது. ஆனால் குடும்ப நிலைமை இடம் கொடுக்கவில்லை. 1935-இல் தந்தை காலமானார். குடும்பத்தைத் தாங்கும் பொறுப்பு ரேச்சலின் தோளில் விழுந்தது.

அரசுப் பணி

அரசின் மீன்வளத் துறையில் வானொலிக்காகக் கடல் உயிர்களைப் பற்றிய நிகழ்ச்சிகள் எழுதும் தற்காலிக வேலை கிடைத்தது. 1936-இல் அரசுப் பணித் தேர்வு எழுதி, போட்டியிட்ட அனைவரையும் விட அதிக மதிப்பெண் பெற்று, அத்துறையில் நிரந்தரப் பணியில் அமர்ந்தார். மறு ஆண்டே அவருடைய அக்காள் இறந்துபோக, அவர் விட்டுச் சென்ற இரண்டு பெண் குழந்தைகளையும் ரேச்சலும் தாயாரும் வளர்த்தனர். பகலில் அலுவலகம், இரவில் எழுத்து, இடையில் குடும்பம் என்று அவர் வாழ்க்கை ஓடியது. 1941-இல் அவருடைய முதல் நூலான 'அண்டர் தி சீ விண்ட்' வெளிவந்தது. கடற்கரையில் அலைக்கு முன்னும் பின்னும் ஓடி இரை தேடும் உள்ளான் என்னும் சிறு பறவை, வடதுருவம் வரை பறந்து சென்று குஞ்சு பொரித்துத் திரும்பும் வரலாற்றை அதில் கதைபோல எழுதியிருந்தார். நூல் வெளிவந்த சில வாரங்களிலேயே அமெரிக்கா உலகப் போரில் இறங்கியதால் அந்நூலை வாங்குவோர் இல்லாமற் போயினர்.

சரணாலயத்தில் காலை நேரம்

மீன்வளத் துறை 1940-இல் வனவிலங்குத் துறையுடன் இணைக்கப்பட்டது. அதனால் அமெரிக்க நாட்டின் வனவிலங்குச் சரணாலயங்களைப் பற்றி எழுதும் பணி ரேச்சலுக்கு வந்தது. 1903-இல் ஃபுளோரிடாவில் பெலிக்கன் தீவு என்னும் சிறு தீவில் தொடங்கிய இச்சரணாலயங்கள் அப்போது நாடெங்கும் பரவியிருந்தன. அவற்றுக்கு மக்கள் ஏன் இடம் கொடுக்க வேண்டும் என்பதை விளக்கச் சிறு நூல்கள் தேவைப்பட்டன. அலுவலக மேசையிலிருந்தே அவற்றை எழுதியிருக்கலாம். ஆனால் நேரில் பார்க்காததை எழுத அவர் விரும்பவில்லை. 1946-ஆம் ஆண்டிலும் அதை அடுத்தும் தம்முடன் பணிபுரிந்த ஓவியப் பெண்மணிகளுடன் சரணாலயம் சரணாலயமாகப் பயணம் செய்தார்.

பறவைகளைப் பார்க்க அதிகாலையே சிறந்த நேரம். இரவெல்லாம் பட்டினி கிடந்த பறவைகள் விடிந்தவுடன் இரை தேடும். காற்று அடங்கியிருப்பதால் அவற்றின் குரல் வெகு தூரம் கேட்கும். வெயில் ஏறிவிட்டால் பல பறவைகள் நிழலில் ஒதுங்கி அமைதியாகிவிடும். ஆகவே ரேச்சலும் தோழியரும் தொலைநோக்கியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு சேற்றிலும் மணலிலும் நடந்தார்கள். பேச்சுக் குரல் கேட்டால் பறவைகள் பறந்துவிடும். மௌனமாக இருப்பவருக்கே அவை காட்சி தரும். சிறு வயதில் தாயாரிடம் கற்ற பொறுமை அங்கே அவருக்குக் கைகொடுத்தது.

வர்ஜீனியா மாநிலக் கடலோரத்தில் சிங்கோட்டீக் சரணாலயம் இருக்கிறது. வடதுருவப் பகுதியில் குஞ்சு பொரிக்கும் பனிவாத்துகள் குளிர்காலத்தில் தங்க 1943-இல் அது அமைக்கப்பட்டது. வட கரோலினாவில் மட்டமஸ்கீட் என்னும் பெரிய ஏரி. அங்கே குளிர்காலத்தில் அன்னங்களும் காட்டு வாத்துகளும் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கும். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பார்க்கர் ஆற்றுச் சரணாலயம். தங்கள் வேட்டைக்கும் பிழைப்புக்கும் இடையூறு என்று ஊர்மக்கள் பலர் அதை எதிர்த்து வந்தனர். யூட்டா மாநிலத்தில் கரடி ஆறு என்று பொருள்படும் பேர் ரிவர் சரணாலயம். ஆற்று நீரைப் பாசனத்துக்குத் திருப்பிவிட்டதால் அங்கே குட்டைகளாகத் தேங்கிய தண்ணீரில் ஒரு வகை நச்சு நோய் பரவி, வாத்துகள் கூட்டம் கூட்டமாக மடிந்தன. பின்னர் கரைகள் கட்டி நல்ல நீரைத் தேக்கி, பறவைகளுக்கு மறுபடியும் இடம் உண்டாக்கினர்.

இவற்றையெல்லாம் ரேச்சல் எளிய நடையில் எழுதினார். வலசை போகும் பறவைகள் வானத்தில் தம் விருப்பப்படி திரிவதில்லை. தலைமுறை தலைமுறையாகக் குறிப்பிட்ட வழிகளிலேயே போகின்றன. வழியில் இறங்கி உண்டு களைப்பாற அவற்றுக்குச் சதுப்பு நிலம் வேண்டும். நெடுந்தூரம் நடக்கும் யாத்திரிகருக்குச் சத்திரம் எப்படியோ, அப்படியே பறவைக்குச் சரணாலயம். சத்திரங்களை இடித்துவிட்டால் யாத்திரிகர் என்ன ஆவார்?

1945-இன் இலையுதிர் காலத்தில் அவர் பென்சில்வேனியாவின் பருந்து மலைக்கும் சென்றார். ஒரு காலத்தில் வேட்டைக்காரர்கள் அம்மலை மேல் நின்று வலசை போகும் பருந்துகளை விளையாட்டாகச் சுட்டுத் தள்ளினர். அதைத் தடுக்க ரோசலி எட்ஜ் என்னும் பெண்மணி 1934-இல் அவ்விடத்தைச் சரணாலயமாக்கினார். அதன் பிறகு அங்கே துப்பாக்கிக்குப் பதிலாகத் தொலைநோக்கியும் குறிப்பேடும் வந்தன. கடந்து செல்லும் ஒவ்வொரு பறவையையும் எண்ணி எழுதி வைத்தார்கள். அந்தக் கணக்கு பின்னாளில் எவ்வளவு பெரிய உண்மையைச் சொல்லப்போகிறது என்பதை அப்போது யாரும் அறியவில்லை.

புகழும் பொறுப்பும்

1949-இல் ரேச்சல் தம் துறையின் வெளியீடுகளுக்குத் தலைமைப் பதிப்பாசிரியர் ஆனார். 1951-இல் அவர் எழுதிய 'தி சீ அரவுண்ட் அஸ்' என்னும் கடலைப் பற்றிய நூல் பெரும் புகழ் பெற்றது. நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் அதிகம் விற்பனையாகும் நூல்களின் பட்டியலில் 86 வாரங்கள் இடம்பெற்று, தேசிய நூல் விருதையும் பெற்றது. 1952-இல் வேலையை விட்டு முழுநேர எழுத்தாளரானார். மெய்ன் மாநிலக் கடற்கரையில் சிறு வீடு கட்டிக்கொண்டார்.

1957-இல் மற்றொரு துயரம் வந்தது. அவர் வளர்த்த அக்காள் மகள்களில் ஒருவர் இறந்தார். அவருடைய ஐந்து வயது மகனை, தமக்கு ஐம்பது வயது நெருங்கும் வேளையில், ரேச்சல் தத்தெடுத்துக்கொண்டார். குழந்தைகளை விடியுமுன் எழுப்பி வெளியே அழைத்துச் சென்று பறவைகளின் காலைப் பாட்டைக் கேட்கச் செய்ய வேண்டும் என்று அவர் பெற்றோர்களுக்கு எழுதியிருக்கிறார். பறவையின் பெயர் தெரிவது முக்கியம் அன்று. அதைக் கண்டு வியக்கும் உள்ளமே முக்கியம் என்பது அவர் கருத்து.

ஓசையற்ற வசந்தம்

டிடிடி என்னும் மருந்து பூச்சிகளைக் கொல்லும் என்பதை 1939-இல் பால் முல்லர் கண்டறிந்தார். உலகப் போரின்போது அது பேன்களால் பரவும் காய்ச்சலையும் மலேரியாவையும் தடுத்துப் பல உயிர்களைக் காத்தது. முல்லருக்கு 1948-இல் நோபல் பரிசு கிடைத்தது. போர் முடிந்ததும் அதை வயல்களிலும் காடுகளிலும் ஊர்களிலும் விமானத்திலிருந்து மழைபோலத் தெளிக்கத் தொடங்கினர். அது மற்ற உயிர்களை என்ன செய்யும் என்று கேட்டவர் சிலரே. மேரிலாந்து மாநிலத்தின் பட்டக்சென்ட் ஆய்வுச் சரணாலயத்தில் நடந்த சோதனைகளைப் பற்றி ரேச்சல் 1945-லேயே ஒரு பத்திரிகைக்கு எழுத முன்வந்தார். அப்பத்திரிகை அதை ஏற்கவில்லை.

1958 தொடக்கத்தில் ஓல்கா ஹக்கின்ஸ் என்னும் தோழியிடமிருந்து கடிதம் வந்தது. மாசசூசெட்ஸில் அவர் தம் சொந்த நிலத்தைப் பறவைகளுக்குச் சரணாலயமாக வைத்திருந்தார். கொசுவை ஒழிக்க விமானம் மருந்து தெளித்துச் சென்ற பின் அவர் கண்ணெதிரே பறவைகள் துடித்து இறந்தன. இதைத் தடுக்க யாராவது உண்டா என்று தேடியே அவர் ரேச்சலுக்கு எழுதினார். வேறு யாரும் எழுதப்போவதில்லை என்பதைக் கண்ட ரேச்சல் தாமே எழுதத் துணிந்தார்.

நான்கு ஆண்டுகள் உழைத்தார். ஆய்வாளர்களுக்குக் கடிதம் எழுதிச் செய்தி திரட்டினார். எல்ம் மரங்களின் நோயைத் தடுக்கத் தெளித்த டிடிடி இலைகளில் படிந்தது. இலைகள் உதிர்ந்தன. உதிர்ந்த இலைகளை மண்புழுக்கள் தின்றன. மறு வசந்தத்தில் வந்த ராபின் பறவைகள் அந்தப் புழுக்களைத் தின்று இறந்தன. பதினொரு பெரிய மண்புழுக்களில் உள்ள நஞ்சே ஒரு ராபினைக் கொல்லப் போதுமானது. சில நிமிடங்களில் ஒரு ராபின் அத்தனை புழுக்களைத் தின்றுவிடும்.

இங்கேதான் பருந்து மலையின் கணக்குப் பயன்பட்டது. 1935 முதல் 1939 வரை அம்மலையைக் கடந்த வெண்தலைக் கழுகுகளில் நூற்றுக்கு 40 இளம் பறவைகள். 1955 முதல் 1959 வரை நூற்றுக்கு 20 மட்டுமே. முதிய கழுகுகள் இருந்தன, குஞ்சுகள் இல்லை. அமெரிக்காவின் தேசியச் சின்னமான அப்பறவைக்கு வாரிசு அற்றுக்கொண்டிருந்தது! டிடிடியின் எச்சம் தாய்ப்பறவையின் உடலில் சேர்ந்து முட்டை ஓட்டை மெலிதாக்கிவிடுகிறது என்னும் காரணம் 1967-இல்தான் வெளிப்பட்டது. ஆனால் பறவைகளை எண்ணியவர்களின் குறிப்பேடு அதற்கு முன்பே அபாயத்தை அறிவித்துவிட்டது.

நூல் எழுதிய ஆண்டுகளில் அவர் பட்ட துன்பம் கொஞ்சம் அன்று. 1958 டிசம்பரில், உயிருக்கு உயிரான தாயார் மறைந்தார். 1960-இல் ரேச்சலுக்கு மார்பகப் புற்றுநோய் கண்டது. அறுவையும் கதிர்வீச்சும் உடலை வாட்டின. தம் நோயை வெளியே சொன்னால், தம் நோவினால்தான் மருந்துகளைப் பழிக்கிறார் என்று எதிரிகள் பேசக்கூடும் என்று அதை மறைத்து வைத்தார். படுக்கையில் இருந்தபடியும் எழுதினார்.

1962 செப்டம்பர் 27-ஆம் நாள் 'சைலண்ட் ஸ்பிரிங்' வெளிவந்தது. மௌன வசந்தம் என்பது அதன் பொருள். நூலின் இறுதியில் ஆதாரங்களின் பட்டியல் மட்டுமே ஐம்பது பக்கங்களுக்கு மேல் இருந்தது. ரசாயன நிறுவனங்கள் சீறி எழுந்தன. அவர் பெண் என்பதையும் திருமணம் ஆகாதவர் என்பதையும் சொல்லி இகழ்ந்தார்கள். உண்மையில் அவர் எல்லாப் பூச்சிமருந்தையும் ஒழிக்கச் சொல்லவில்லை. விளைவை அறியாமல், மக்களைக் கேளாமல், கண்டபடி தெளிக்க வேண்டாம் என்றே சொன்னார். ஏச்சுக்கு அவர் ஏச்சால் பதில் சொல்லவில்லை. சான்றுகளால் பதில் சொன்னார்.

குடியரசுத் தலைவர் கென்னடியின் அறிவியல் ஆலோசனைக் குழு 1963 மே மாதம் தன் அறிக்கையை வெளியிட்டு, அவர் கூற்றின் உண்மையை ஏற்றது. ஜூன் 4-ஆம் நாள் அமெரிக்க மேலவையின் குழு முன் தோன்றி ரேச்சல் சாட்சியம் அளித்தார். அவர் உடலில் நோய் எவ்வளவு முற்றியிருந்தது என்பது அங்கே கூடியிருந்தவர்களுக்குத் தெரியாது.

மறைவும் நினைவும்

1963 செப்டம்பரில் ஒரு காலை. மெய்ன் கடற்கரையில் தம் உயிர்த் தோழி டாரத்தி ஃப்ரீமனுடன் அமர்ந்து, தெற்கு நோக்கிப் போகும் மோனார்க் வண்ணத்துப்பூச்சிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவற்றில் பெரும்பாலானவை திரும்பி வரப்போவதில்லை. ஆயினும் அக்காட்சி தமக்கு வருத்தம் தரவில்லை என்று அன்றே தோழிக்குக் கடிதம் எழுதினார். தன் காலம் முடிந்த உயிர் விடைபெறுவது இயற்கை. அதில் அழுவதற்கு ஒன்றும் இல்லை என்னும் தெளிவு அவருக்கு இருந்தது. 1964 ஏப்ரல் 14-ஆம் நாள், வசந்த காலத்தில், தம் 56-ஆம் வயதில் அவர் கண்மூடினார்.

அவர் விதைத்தது பின்னர் முளைத்தது. 1970-இல் அமெரிக்காவில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை தோன்றியது. 1972-இல் அங்கே பயிர்களுக்கு டிடிடி தெளிப்பது தடை செய்யப்பட்டது. மலேரியா போன்ற நோய்களைப் பரப்பும் பூச்சிகளுக்கு எதிராக மட்டும் அதை வரம்புடன் பயன்படுத்தலாம் என்று 2001-இல் உலக நாடுகள் ஒப்பந்தம் செய்தன. 1963-இல் அலாஸ்காவும் ஹவாயும் நீங்கலான அமெரிக்காவில் ஐந்நூறு இணைகளுக்கும் குறைவாக இருந்த வெண்தலைக் கழுகு, பெருகி வளர்ந்து 2007-இல் அழியும் நிலையிலுள்ள உயிர்களின் பட்டியலிலிருந்து நீங்கியது. 1980-இல் நாட்டின் மிக உயர்ந்த குடிமக்கள் விருது மறைந்த ரேச்சலுக்கு வழங்கப்பட்டது.

இவை எல்லாவற்றையும் விட அவருக்குப் பொருத்தமான நினைவுச் சின்னம் ஒன்று உண்டு. மெய்ன் மாநிலக் கடற்கரையில் 1966-இல் அமைந்த வனவிலங்குச் சரணாலயத்துக்கு 1969-இல் ரேச்சல் கார்சனின் பெயர் சூட்டப்பட்டது. கடல் நீரும் ஆற்று நீரும் கலக்கும் அந்தச் சதுப்பு நிலங்களில் வலசைப் பறவைகள் இன்றும் வந்து இறங்குகின்றன. சரணாலயங்களைப் பற்றி எழுதியவரின் பெயரே ஒரு சரணாலயத்தின் பெயராகிவிட்டது!

முடிவுரை

பறவைகளையும் உடன்பிறப்புகளாகக் கண்டவர் புனித பிரான்சிஸ் அசிசியார். அவரைச் சுற்றுச்சூழல் காப்போரின் பாதுகாவலராகத் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1979-இல் அறிவித்தார். ரேச்சல் கார்சன் நம் திருச்சபையைச் சேர்ந்தவர் அல்லர். ஆயினும் படைப்பின் மீது அவர் கொண்ட அன்பு நமக்கும் பாடமாகும்.

அவரிடமிருந்து நாம் கற்க வேண்டியது ஒன்று உண்டு. பறவைகள் குறைந்துவிட்டன என்பதை அறிய வேண்டுமானால், அவை நிறைந்திருந்தபோது பார்த்திருக்க வேண்டும். மௌனத்தைக் கண்டு திடுக்கிட வேண்டுமானால், முன்பு பாட்டைக் கேட்டிருக்க வேண்டும். பதினைந்து வயதில் குறிப்பேட்டுடன் காலையில் காட்டுக்குப் போன பெண்ணே ஐம்பத்தைந்தாம் வயதில் ஒரு நாட்டையே விழித்தெழச் செய்தார். தோழியரே, நம் வீட்டு வேலியிலும் பள்ளி மரங்களிலும் எத்தனை வகைப் பறவைகள் வருகின்றன? சற்று முன்னதாக எழுந்து, ஒரு குறிப்பேட்டில் எழுதத் தொடங்குவோம். நாம் எழுதும் கணக்கும் ஒரு நாள் ஓர் உண்மையைச் சொல்லக்கூடும்.